தப்பும் வானொலியும்: மலையக மக்களின் தன்னுணர்வு பற்றிய ஒரு நோக்கு

1

மலையகத் தோட்டத் தொழிலாளரின் பண்பாட்டு வாழ்வு பற்றி எழுதுவோரிடையே ஒன்றுக்கொன்று முரணான இரு கருத்துகள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. சினிமாப் பாட்டும், அதனை லயங்கள்தோறும் கொண்டு சேர்த்த வானொலியும் மக்களின் சொந்தக் கலைகளை அழித்து அவர்களைக் கனவில் ஆழ்த்திவிட்டன என்பது ஒன்று. கல்வி வசதி மறுக்கப்பட்டுத் தோட்ட எல்லைக்குள் அடைபட்டுக் கிடந்த மக்களைப் பரந்த தமிழுலகோடு இணைத்தவை அச்சாதனங்களே என்பது மற்றொன்று. முன்னையதை முற்போக்காளர் பலர் கூறுவர். பின்னையதை இரசிகர் பலர் கூறுவர். இரண்டிலும் உண்மையுண்டு. எனினும் இரண்டிற்கும் பொதுவான குறையொன்றும் உண்டு. இரண்டுமே மக்களைக் கேட்போராக மட்டும் காண்கின்றன. தாம் கேட்ட மெட்டில் மக்கள் எச்சொல்லை ஏற்றினர், எதனை ஏற்ற இயலாது போயினர் என்ற வினாவை இவ்விரு சாராரும் எழுப்புவதில்லை.

அட்டன், தலவாக்கலை, நுவரெலியா முதலிய பகுதிகளின் தோட்டங்களில் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் தப்பு, சிந்துப் பாடல், வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி எனச் சாதனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துள்ளன. ஒவ்வொன்றும் மக்களின் நம்பிக்கைகளையும் ‘நாம் யார்’ என்ற உணர்வையும் தன் வழியில் உருவாக்க முனைந்தது. இவற்றை ஒப்பு நோக்கும்போது இரண்டு காரணிகள் முதன்மை பெறுகின்றன: இசை ஒலிக்கும் நேரத்தைத் தீர்மானிப்பவர் யார் என்பது ஒன்று, மெட்டில் ஏறும் சொல் யாருடையது என்பது மற்றொன்று. சாதனம் பழையதா புதியதா, உள்ளூரதா வெளியூரதா என்பன இவற்றிற்கு அடுத்தபடியான வினாக்களே. இக்கட்டுரை இக்கருத்தினைச் சில சான்றுகள் கொண்டு ஆராய முற்படுகின்றது.

2

தோட்டத்தில் முதன்முதலாக நிலைபெற்ற தொடர்புச் சாதனம் தப்பு ஆகும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பிப் பயிர்ச்செய்கைக்கெனவும், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக நாட்டியதைத் தொடர்ந்து அதற்கெனவும் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களோடு தப்பும் வந்தது. தமிழகத்துக் கிராமத்தில் அது சாவையும் திருவிழாவையும் அறிவித்தது. தோட்டத்தில் அதற்குப் புதியதொரு பணி விதிக்கப்பட்டது. விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு அழைக்கும் ஓசையாக அது மாற்றப்பட்டது. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ பாலையாவால் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கப்பட்ட கவிதை நூல், தப்பின் அதிர்வோடு விடியும் காலையைத் தன் தொடக்கமாகக் கொண்டமை தற்செயலன்று. தோட்டத்தின் நாள் எவ்வாறு பிறந்தது என்பதனை அக்கவிஞர் நன்கு அறிந்திருந்தார்.

அதே தப்பு மாசி மாதத்தில் வேறொரு காலத்தை அறிவித்தது. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் மலையகத்தின் தலையாய கூத்துகளாகும். இவற்றுள் காமன் கூத்தே மிகப் பரவலானது. மாசி அமாவாசையை அடுத்துக் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிப்பது வரை பல இரவுகள் நிகழும் இக்கூத்தில் தோட்டம் முழுவதுமே பங்குகொண்டது. இரதியாகவும் மன்மதனாகவும் வேடமேற்றோர் நேர்த்தி வைத்து ஆடினர். அந்த இரவுகளின் காலத்தைத் துரையின் மணிக்கூடு அளக்கவில்லை. மக்களின் சடங்கே அளந்தது. காலையில் மலைக்கு அனுப்பிய ஓசையும் இரவிற் காமன் திடலுக்கு அழைத்த ஓசையும் ஒன்றாயிருந்தும், முன்னையது ஆணையாகவும் பின்னையது அழைப்பாகவும் கேட்கப்பட்டது. இசைக்கருவி ஒன்றே, நேரத்தின் உரிமை வேறு.

காமன் கதை தோட்டத்தில் இத்துணை ஆழமாக வேரூன்றியமைக்குப் பக்தியை மட்டுமே காரணமாகக் கூறுதல் போதாது. தேவர்களின் காரியத்துக்காகச் சிவனது தவத்தைக் கலைக்க ஏவப்பட்டவன் மன்மதன். ஏவியோர் தப்பினர், ஏவலை நிறைவேற்றச் சென்றவன் எரிந்தான், அவன் மனைவி புலம்பி நின்றாள். ஆள்கட்டும் கங்காணியின் சொல்லை நம்பிக் கடல் கடந்தவரும், பிறர் இலாபத்துக்காகக் காடழித்து நோயில் மடிந்தவருமான ஒரு தலைமுறை, இக்கதையில் தன் கதையின் சாயலைக் கண்டிருத்தல் கூடும். இரதியின் புலம்பல் தோட்டத்துப் பெண்ணின் ஒப்பாரியோடு இணைந்து ஒலித்தது. புராணக் கதைகள் மக்களை உலகியலிலிருந்து விலக்குவன என்று பொதுப்படக் கூறுவோர் இதனை மனங்கொள்ளுதல் தகும்.

ஆயினும் தப்பினையும் கூத்தினையும் குறையற்ற மக்கட் கலையாகப் போற்றுவதும் தவறாகும். லயங்கள் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. தப்படித்தல் ஒடுக்கப்பட்ட சாதியினரின் கடமையாகக் கருதப்பட்டது. சாவுக்கு அடிப்பதும் சாமிக்கு அடிப்பதும் பெரட்டுக்கு அடிப்பதும் அவர்களே. அவர்தம் பிள்ளைகள் கல்வி பெற்றதும் தப்பைத் தொட மறுத்தனராயின், அதனைப் பண்பாட்டை மறந்தமை என்று பழிப்பது நியாயமன்று. இழிவினைச் சுமத்திய சமூகம் அவ்விழிவினை நீக்காது கருவியை மட்டும் காப்பாற்றக் கேட்கின்றது. மேலும் கூத்தில் இரதி வேடமும் ஆண்களுடையதே. தேயிலைத் தொழிலிற் கொழுந்து பறிப்போருட் பெரும்பான்மையினரான பெண்கள் ஆடுகளத்துக்கு வெளியே நின்றனர்.

3

பெண்களின் களம் பாட்டாகும். பேராசிரியர் க. கைலாசபதியின் ஆசிரியரான ஜோர்ஜ் தொம்சன் கவிதையின் தோற்றத்தைக் கூட்டு உழைப்பின் தாளத்தோடு தொடர்புபடுத்தி விளக்கியவர். அவ்விளக்கம் நடவுப் பாட்டுக்கும் ஏற்றப் பாட்டுக்கும் பெரிதும் பொருந்தும். கொழுந்து பறித்தல் அத்தகைய தொழிலன்று. நிரையாக நின்று பறிப்பினும் ஒவ்வொருத்தியின் கூடையும் தனித்தனியே நிறுக்கப்படும். நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ விழும். கைகள் ஒரே தாளத்தில் அசைய வேண்டிய தேவை அங்கில்லை. இதனாற் போலும், மலையகப் பாடல்களிற் கணிசமானவை தொழிலின் தாளத்தைவிடத் தொழிலின் உறவுகளையே பொருளாகக் கொண்டன. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ போன்ற தொகுப்புகளைப் பயில்வோர் கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை ஆகியோர் பெயர் சுட்டப்படாமலே அடையாளங் காணப்படுவதையும், ஏசப்படுவதையும், சிற்சில இடங்களில் அஞ்சி வணங்கப்படுவதையும் காண்பர். எதிர்ப்பும் பணிவும் ஒரே வாயிலிருந்து பிறந்தன. நாட்டார் பாடலை எதிர்ப்பிலக்கியம் என்று மட்டும் முத்திரை குத்துவது ஆய்வாகாது.

இப்பாடல்கள் உறங்கும் பிள்ளைக்கும் இறந்த உடலுக்கும் பாடப்பட்டவை. இவற்றைத் திரண்ட கூட்டத்தின் முன்னே கொணர்ந்து அரசியலாக்கிய பெருமை மீனாட்சி அம்மையைச் சாரும். கோ. நடேசய்யர் 1931இல் அட்டனில் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவர். தோட்டங்கள் தனியார் எல்லைகளாயிருந்து அமைப்பாளர் உட்புகத் தடை விதிக்கப்பட்ட காலத்திற் புடவை வியாபாரியாக வேடமிட்டு உள்ளே சென்றவர் என்பர். அவருடைய துணைவியாரும் போராட்டத் தோழருமான மீனாட்சி அம்மை தொழிலாளர் கூட்டங்களிற் பாடினார். அவருடைய ‘இந்தியத் தொழிலாளர் துயரச் சிந்து’ நூலாகவும் வெளிவந்தது. வாசிக்கத் தெரியாத மக்களிடம் துண்டுப் பிரசுரம் செய்ய இயலாததைச் சிந்து செய்தது. மேலும், அமைப்பாளனைத் தோட்டக் காவலன் மறிக்கலாம்; மனனமான பாட்டை மறிக்க இயலாது.

ஈண்டு சிறப்பாகக் கவனிக்க வேண்டியது, மீனாட்சி அம்மை புதிய இசையொன்றைப் படைக்க முயலவில்லை என்பதாகும். சிந்து முதலிய, மக்கள் செவிக்குப் பழகிய வடிவங்களையே அவர் கையாண்டார். மெட்டு இரவலாயிருந்தது, சொல் தொழிலாளருடையதாயிருந்தது. இரவல் மெட்டு அடையாளத்தைக் கெடுக்கும் என்ற வாதத்துக்கு மலையகத்தின் முதல் அரசியற் பாடகியின் பாடல்களே மறுப்பாகின்றன.

4

வானொலிக்கு வருவோம். 1949இல் ‘ரேடியோ சிலோன்’ அரச திணைக்களமாகியது. 1950இல் அதன் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிற் சினிமாப் பாட்டுக்கு இடந்தர மறுத்தபோது, இந்தியாவின் கோடிக்கணக்கான நேயர்கள் கொழும்பை நோக்கிச் செவி திருப்பினர். தமிழ் ஒலிபரப்பும் பாக்கு நீரிணைக்கு அப்பால் பெரும் புகழ் ஈட்டியது. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்கள் தமிழகத்து வீடுகளிலும் அறிமுகமாயின. 1967இற் கூட்டுத்தாபனமாகிய பின்னரும் அப்புகழ் தொடர்ந்தது.

வர்த்தக சேவை விளம்பரத்தால் இயங்குவது. விளம்பரதாரர் நாடியது வாங்கும் ஆற்றலுள்ள கேட்போரை ஆகும். சம்பளத்தின் பெரும்பகுதியை அரிசிக்கும் மாவுக்கும் பற்றெழுதிக் கழித்துவிட்டு எஞ்சியதைப் பெற்ற தோட்டத் தொழிலாளி அக்கணக்கில் முதன்மை பெற்றிருத்தல் அரிது. பகற்பொழுதின் நிகழ்ச்சிகள் மலையில் நின்றவளுக்கு எட்டாதவை. ஆகவே தோட்டத்து மக்கள், பிறருக்காக ஒலித்த பாட்டை அயலிலிருந்து கேட்டவர் என்றே கூறல் வேண்டும். மின்சாரமற்ற காம்பராவில் மின்கலத்தால் இயங்கிய சிறு டிரான்சிஸ்டர் வந்த பின்னரே அப்பாட்டு லயத்துக்குள் நிலைபெற்றது. இஸ்தோப்பில் வைக்கப்பட்ட ஒரு பெட்டியைச் சுற்றி அயல் காம்பராக்காரரும் கூடினர்.

அவ்வாறிருந்தும் அவர்கள் ஏன் அதனை அத்துணை விரும்பினர்? பாட்டின் இனிமை ஒரு காரணமே. வேறொரு காரணம் ஆய்வாளரால் அதிகம் கவனிக்கப்படவில்லை. நேயர் விருப்ப நிகழ்ச்சிகளிற் பாட்டுக்கு முன்னர் அதனை விரும்பிக் கேட்டோரின் பெயர்களும் ஊர்களும் வாசிக்கப்படுவது வழக்கம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து 1949இல் இயற்றப்பட்ட சட்டங்களும் தோட்டத் தமிழருட் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கி, அவர்தம் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. 1947இன் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு உறுப்பினரைத் தெரிவுசெய்த மக்கள், அடுத்த தேர்தலிற் குரலற்றவராயினர். தோட்டத்துத் தொழிலாளிக்குத் தனி முகவரியும் இருக்கவில்லை; அவனுக்கு வந்த கடிதம் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே கைசேர்ந்தது. பெயரைப் பதிய மறுத்த அதே அரசின் வானொலி, தபாலட்டையொன்றில் எழுதி அனுப்பினால் பெயரையும் தோட்டத்தையும் நாடறிய வாசித்தது. இடாப்பில் இல்லாத பெயர் காற்றில் ஒலித்தது. இதனை அற்பமான ஆசை என்று ஒதுக்குதல் கூடாது. அங்கீகாரம் மறுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டம், கிடைத்த வாயிலில் அதனைத் தேடிய செயலாக இதனை நோக்குதல் வேண்டும்.

ஆனால் அந்த அங்கீகாரத்தின் எல்லையும் தெளிவானது. பெயர் தொழிலாளியுடையது, தொடர்ந்து வந்த பாட்டு அவனுடையதன்று. தன் பெயரைச் சொல்ல அவனுக்கு இடமிருந்தது. தன் கதையைச் சொல்ல இடமிருக்கவில்லை.

5

அப்பாட்டுகள் யாருடைய கதையைச் சொல்லின? அறுபதுகளின் எம். ஜி. ஆர். படத் தலைப்புகளை நோக்கினாலே போதும்: ‘தொழிலாளி’ (1964), ‘படகோட்டி’ (1964), ‘விவசாயி’ (1967). உழைப்போன் கதாநாயகனாகிறான், அவன் நேர்மையானவன், கொடியவனை வெல்கின்றான். கண்டிப் பகுதியிற் பிறந்தவர் என்ற உறவும் எம். ஜி. ஆர். மீது மலையக மக்கள் கொண்ட பற்றினை மிகுவித்தது. 1965இல் அவர் இலங்கைக்கு வந்தபோது கிடைத்த வரவேற்பு பெரிதும் பேசப்பட்டது. உழைப்பு இழிவன்று என்ற உணர்வை இப்படங்களும் பாடல்களும் ஊட்டின என்பதை மறுத்தல் முறையன்று. ‘தோட்டக்காட்டான்’ என்று ஏளனஞ் செய்யப்பட்ட இளைஞனுக்கு அது பெரிய ஆறுதல். திராவிட இயக்கத்தின் பகுத்தறிவுக் கருத்துகளும் இதே காலத்தில் தோட்டங்களிற் பரவின. இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் 1962இல் தடைசெய்யப்பட்டது அதன் செல்வாக்குக்குச் சான்றாகும்.

ஆயினும் இப்படங்களின் அமைப்பில் அநீதியைத் தனியொரு வீரன் தீர்க்கின்றான். மக்கள் சுற்றி நின்று பார்க்கின்றனர். தோட்டத்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1940இல் முல்லோயாவிற் கோவிந்தனும், 1977இல் டெவனிற் சிவனு லெட்சுமணனும் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியான போராட்டங்கள் கூட்டுப் போராட்டங்களே. வீரனை எதிர்பார்க்கும் மனப்பாங்கு தொழிற்சங்க வாழ்விலும் தலைவர் வழிபாடாகப் படிந்தது எனலாம். மலையகத்தைக் களமாகக் கொண்டு 1975இல் வெளிவந்த ‘புதிய காற்று’ திரைப்படம் இவ்வகையிற் கவனத்துக்குரியது. அதனை உருவாக்கிய வி. பி. கணேசன் தொழிற்சங்கவாதி, எழுத்துப் பணியிற் பங்குகொண்ட தெளிவத்தை ஜோசப் மலையகத்தின் முதன்மைப் புனைகதையாளருள் ஒருவர். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய எழுபதுகளில் மலையக மக்கள் தம் மண்ணைத் திரையிற் காணச் செய்த முயற்சி அது. அதற்குரிய பாராட்டினைக் குறைத்தல் ஆகாது. எனினும் தொழிற்சங்கத் தலைவரே கதாநாயகனாகவும் தோன்றினார் என்பது, தென்னிந்திய சினிமாவின் அச்சு எத்துணை வலியது என்பதைக் காட்டுகின்றது. களம் மாறியது, அச்சு மாறவில்லை.

இம்முரண்பாடு மிகக் கொடுமையாக வெளிப்பட்டது நாடு கடத்தலின்போதாகும். 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இன் ஒப்பந்தத்தால் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். வானொலியிலும் திரையிலும் அறிந்த தமிழகம் பாட்டின் தமிழகமாகும். கப்பலேறிச் சென்றோர் கண்ட தமிழகம் வேறு. நீலகிரியின் தேயிலையிலும் பிற மாவட்டங்களின் புனர்வாழ்வுத் திட்டங்களிலும் அவர்கள் ‘சிலோன்காரர்’ என அழைக்கப்பட்டனர். இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர். பாட்டு வளர்த்த உறவை அரசின் பதிவேடும் ஊராரின் நாவும் ஏற்கவில்லை.

அப்பிரிவினைப் பதிவுசெய்த இசை எது? தலைமன்னாருக்கு மக்களை ஏற்றிச் சென்ற புகைவண்டியை மலையகத்தார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதியொன்றுக்கு அப்பெயரையே இட்டார். சாவுக்குரிய பாட்டை உயிரோடு பிரிவோருக்குப் பாடிய பெண்கள், குடும்பங்களைக் கூறுபோட்ட ஓர் ஒப்பந்தத்தின் மீது தம் தீர்ப்பை வழங்கினர். சினிமாப் பாட்டினைப் பல்லாண்டு கேட்டுப் பழகிய செவிகளே அவை. இருந்தும் அந்நேரத்தில் அவர்களுக்கு உதவியது தம் பாட்டியரின் வடிவமாகும். பழைய வடிவம் வானொலியால் அழிந்துவிட்டது என்ற கூற்று இதனால் வலுவிழக்கின்றது. அது அழியவில்லை, அதனைக் கேட்பாரில்லாது போயிற்று.

6

கேளாதோர் வரிசையிற் பல்கலைக்கழகமும் உண்டு. அறுபதுகளிற் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேற்கொண்ட கூத்து மீட்பு முயற்சி ஈழத்துக் கலை வரலாற்றில் ஒரு திருப்புமுனை. மட்டக்களப்புக் கூத்து மரபிலிருந்து ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியன புதுப் பொலிவோடு மேடையேறின. அதன் பெருமையை எவரும் மறுக்கார். ஆயினும் பல்கலைக்கழகத்துக்கு மேலேயுள்ள ஹந்தானைச் சரிவிலேயே தேயிலைத் தோட்டங்கள் இருந்தன. அவற்றின் காமன் கூத்து அவ்வியக்கத்தின் மையத்துக்கு வரவில்லை. ஈழத்துத் தமிழர் மரபு எது என்று வரையறுத்தபோது, தோட்டத்தின் மரபு இந்தியாவின் மிச்சமாகக் கொள்ளப்பட்டது போலும். அரசு குடியுரிமையில் வரைந்த கோட்டினை அறிவுலகம் பண்பாட்டில் அறியாமலே பின்பற்றியது எனக் கூறுவது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் கூறியே ஆகல் வேண்டும். பின்னாளிற் சாரல் நாடன், மாத்தளை வடிவேலன் முதலியோர் மலையக வாய்மொழி இலக்கியத்தையும் பாரம்பரியக் கலைகளையும் பற்றி எழுதியமை மலையகத்தின் உள்ளிருந்தே எழுந்த முயற்சியாகும்.

இன்றைய நிலை யாது? 1998 அளவில் சூரியன், சக்தி முதலிய தனியார் ஒலிபரப்புகள் வந்தன. அதன்பின் செய்மதித் தொலைக்காட்சியின் தட்டுகள் லயத்துக் கூரைகளில் முளைத்தன. இப்போது கைத்தொலைபேசி ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. 2023இல் தமிழகத் தொலைக்காட்சியின் இசைப் போட்டியொன்றில் மலையகத் தோட்டத்துச் சிறுமியொருவர் பாடியபோது மலையகம் முழுவதும் பெருமிதங் கொண்டது. அன்று நேயர் விருப்பத்திற் பெயர் ஒலித்தபோது எழுந்த மகிழ்ச்சியின் தொடர்ச்சியே இது. எல்லையும் அதுவே. பாடுவது திரைப்பாட்டு, தோட்டத்திலிருந்து கேட்கப்படுவது துயரக் கதை. வறுமையைக் கண்டு இரங்குவோர் உரிமையைக் கேட்கையில் எத்துணைப் பேர் உடனிருப்பர் என்பது வேறு வினா.

எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. வானொலி கேட்கும் பெட்டியாக மட்டும் இருந்தது. கைத்தொலைபேசி கேட்கவும் ஒலிப்பதிவு செய்யவும் பரப்பவும் வல்லது. தோட்டத்து இளைஞர் இன்று தாமே பாட்டெழுதிக் காட்சியாக்கி யூடியூபில் இடுகின்றனர். அவற்றிற் பல தமிழகத் திரையின் சாயலிலேயே உள்ளன என்று சிலர் சலித்துக்கொள்வர். மீனாட்சி அம்மையின் சிந்தை நினைவிற் கொள்வோர் அவ்வாறு சலிக்கமாட்டார். மெட்டு எங்கிருந்தும் வரலாம். சம்பளமும், வீட்டுக்குரிய காணியும், கொழுந்தின் நிறையும், அட்டைக் கடியும் அப்பாட்டிற் சொல்லாக ஏறுகின்றனவா என்பதே விமரிசகன் கேட்க வேண்டியது. ஏறும்போது பாராட்டுவதும், ஏறாதபோது சுட்டிக்காட்டுவதும் அவன் கடன்.

குடிசன மதிப்பீட்டின் ‘இந்தியத் தமிழர்’ என்ற பெயருக்கு எதிராக ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரை இம்மக்கள் தாமே நிலைநாட்டி வருகின்றனர். 2023இல் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோர், முன்னோர் கால்நடையாக வந்த பாதையை இப்பெயரோடு இணைத்தனர். இப்பெயரை எந்த வானொலியும் எந்தத் திரைப்படமும் அவர்களுக்கு அளிக்கவில்லை. ஆகவே பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் உடனடியாகச் செய்யத்தக்கன சில உள. தோட்டத்துப் பெண்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும், குறிப்பாக 1964க்குப் பிந்திய பிரிவுக் காலத்து ஒப்பாரிகளை, பாடத் தெரிந்தோர் உயிருடன் இருக்கும்போதே ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். தப்புக் கலைஞரை விழா வரவேற்புக்கு மட்டும் அழைக்காது, ஆசானாக அமர்த்தித் தக்க ஊதியத்தோடு எல்லாச் சாதி மாணவருக்கும் கற்பிக்கச் செய்தல் வேண்டும். பாடியவளின் பெயரும் தோட்டமும் பதிவில் இடம்பெற வேண்டும். அவள் அனுமதியும் பெறப்பட வேண்டும். நேயர் விருப்பம் பெயரைச் சொல்லிவிட்டுப் பிறர் பாட்டை ஒலித்தது. நாம் அவள் பெயரையும் அவள் பாட்டையும் ஒருங்கே பதிவு செய்வோமாக.